ண போட்டால் பெருக்கல், ட போட்டால் துடைப்பம்

எங்கள் எட்டாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு போன். அதுவும் பள்ளிக்கூடம் வாங்கிக் கொடுத்த போன் அல்ல. ஒருத்தியின் அம்மாவுடையது, ஒருவனின் அப்பாவுடையது, இன்னொருவனின் ஆட்டோ ஓட்டும் மாமாவுடையது. கண்ணாடி விரிசல் விட்டது, பின்மூடி விழாமல் ரப்பர் பேண்டு போட்டது, ஸ்பீக்கர் கரகரப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோவு. கணக்குப் பாடம் இருக்கும் நாட்களில் காலையில் வந்து என் மேசையில் வரிசையாக உட்காரும். மாலையில் அதனதன் வீட்டுக்குப் போய்விடும்.

நான் அவர்களுடைய கணக்கு டீச்சர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. பள்ளிக்கூடம் ஜீவனஹள்ளிப் பக்கம். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். நான் என் வகுப்பை அதட்டினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட நானே வகுப்புக்குள் போனை அனுமதிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்குப் புரையேறியது.

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், கன்னடம், தெலுங்கு, நேபாளி, அப்புறம் இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பேசும் தக்னி உருது. நான் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஆரம்பித்து, கன்னடத்தில் பாதி தூரம் போய், தமிழில் கொண்டுபோய் முடிப்பேன். யாருக்குமே முழுசாகப் புரியாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்தினேன் என்று சொல்லலாம்.

போனுக்கு நான் வைத்த விதி ஒன்றுதான். கணக்கு தெரிந்தவர் போனைத் தொடக் கூடாது. குழுவில் யாருக்குப் புரியவில்லையோ அவர் கையில்தான் போன். மற்ற நால்வரும் அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். புரிந்ததும் அவர் தன் குரலில், அடுத்த குழுவுக்குப் புரிகிற மொழியில், அதைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு ப்ளூடூத்தில் அடுத்த குழுவுக்குப் போகும். அவர்கள் அதைக் கேட்டு, கணக்கைப் போட்டுப் பார்த்து, அதற்கடுத்த குழுவின் மொழியில் சொல்லி அனுப்புவார்கள். பின்பெஞ்சில் வாயே திறக்காமல் இரண்டு வருடம் ஓட்டியவர்களெல்லாம் போனைப் பார்த்ததும் பேசினார்கள். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

சத்தம் மட்டும் தாங்காது. எங்கள் ஹெச்.எம். மேடம் வாசலில் வந்து நின்று, "இது க்ளாஸா, சந்தெயா?" என்று கன்னடத்தில் கேட்டார். சந்தைதான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாருங்க மிஸ், அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் உங்க இஷ்டம். அதுல யாரு ஃபெயிலோ அவங்க பி செக்ஷனுக்குப் போகணும். போனும் அன்னைக்கே க்ளோஸ்."

பி செக்ஷன் என்பது மாடிப்படிக்குப் பக்கத்து அறை. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதுதான் அங்கே படிப்பு. எழுதி முடித்தால் அமைதியாக உட்கார வேண்டும். அங்கே போன பிள்ளை பத்தாவது எழுதி நான் பார்த்தது குறைவு. யாரார் அங்கே போவார்கள் என்று ஹெச்.எம். மனதில் ஏற்கெனவே ஒரு வரிசை இருந்தது. வரிசையில் முதலில் நின்றது ஒரு தமிழ்ப் பெண்.

அவளுடைய அம்மா தெருக் கூட்டுகிறவர். விடியற்காலையில் வேலைக்குப் போகும்போதே தன் போனை மகளின் பைக்குள் வைத்துவிட்டுப் போவார். மேஸ்திரி கூப்பிட்டால், தன்னோடு வேலை செய்கிற பெண்ணின் போனில் பேசிக்கொள்வார். போனின் உறையில் புத்தர் படம் ஒட்டியிருக்கும். அந்தப் பெண் அதை மேசையில் மற்ற போன்களோடு வைக்கும்போது படம் மேலே தெரியும்படி திருப்பி வைப்பாள். வகுப்பில் அவள் பேசி நான் கேட்டதில்லை. போன் வந்த பிறகு, அதை வாயருகே வைத்துக்கொண்டு மெல்லப் பேச ஆரம்பித்திருந்தாள். இவளை மட்டும் பி செக்ஷனுக்கு விடக் கூடாது என்று நான் உள்ளுக்குள் கச்சை கட்டிக்கொண்டது அப்போதுதான்.

அன்றைய பாடம் இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்குவது. எக்ஸ் கூட்டல் மூன்று ஓர் அடைப்புக்குறியில், எக்ஸ் கூட்டல் இரண்டு இன்னொன்றில். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பையே எங்கள் பிள்ளைகளும் செய்வார்கள். முதலாவதை முதலாவதோடு பெருக்குவார்கள், கடைசியைக் கடைசியோடு பெருக்குவார்கள், எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஆறு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். குறுக்கே பெருக்க வேண்டிய இரண்டையும் மறந்துவிடுவார்கள். நான் தொண்டை கிழியக் கத்தியும் வருடா வருடம் இதே கதைதான்.

அந்தப் பெண்ணின் குழுவுக்கு அடுத்தது கன்னடக் குழு. அதனால் அவள் கன்னடத்தில் சொல்ல வேண்டும். கன்னடத்தில் கணக்குப் பெருக்கலுக்குக் குணிசு என்பார்கள். வீடு வாசல் பெருக்குவதற்குக் குடிசு என்பார்கள். ண போட்டால் பெருக்கல், ட போட்டால் துடைப்பம். தமிழில் நமக்கு அந்த வம்பே இல்லை, கணக்கையும் பெருக்குவோம், வாசலையும் பெருக்குவோம். அந்தப் பெண்ணின் தலைக்குள் இருந்தது ஒரே பெருக்கு. அதற்குக் கன்னடத்தில் அவள் பிறந்தது முதல் கேட்டு வந்த சொல், அம்மாவின் மேஸ்திரி தினமும் சொல்கிற குடிசுதான். அதையே சொல்லிப் பதிவு செய்துவிட்டாள்.

கன்னடக் குழு அதை ஸ்பீக்கரில் போட்டது. மூன்றைக் குடிசு, இரண்டைக் குடிசு என்று அவள் குரல் வந்ததும் சிரிப்பு வெடித்தது. அந்தக் குழுவில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பையன் ஒருவன் உண்டு. அவன் சும்மா இருக்கவில்லை. "எல்லி குடிஸ்பேகு? ரோடல்லா?" என்று ஒரு பதில் பதிவு செய்து அவளுக்கே திருப்பி அனுப்பினான். எங்கே பெருக்கணும், ரோட்டிலா என்று அர்த்தம். பின்னாலிருந்து ஒரு குரல், அவங்க அம்மா வேலையே அதுதானே என்றது. அதுவும் பதிவில் விழுந்தது.

நான் அப்போது வகுப்பின் மறுகோடியில் தெலுங்குப் பிள்ளைகளோடு இருந்தேன். ஓடிவந்து விஷயம் தெரிந்ததும் கத்திய கத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்திருக்கும். அந்தப் பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். ஆனால் என் கோபத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தப் பெண் போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மணி அடிக்கும்வரை அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவளுடைய அம்மா வந்தார். வேலை முடித்து நேராக, தெருக் கூட்டும்போது போடுகிற கோட்டோடு. வராந்தாவில் என்னை நிறுத்தி, போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். சிரிப்பு முழுவதும் ஓடி முடிகிறவரை இருவரும் நின்றோம்.

"டீச்சரம்மா, நான் ரோட்ட பெருக்குறவதான். அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. ஆனா ராத்திரி புள்ள தூங்கனப்புறம் இத நான் கேக்குறேன். என் போன்லயே வந்து என் புள்ளயப் பாத்து சிரிக்கிறாங்க. இதுக்கா நான் போனக் குடுத்து அனுப்புனேன்?"

நான் அந்தப் பிள்ளைகளைக் கண்டித்துவிட்டதாகச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பி செக்ஷன்ல போன் கெடையாதாமே. அவள அங்கயே போட்டுடுங்க. எழுதிக்கினு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"பரீட்சை வரைக்கும் பொறுத்துக்கோங்கம்மா. போன் வேணாம். புள்ளய மட்டும் என் க்ளாஸ்ல விடுங்க," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

"பரீட்ச வரைக்கும்தான்," என்று சொல்லிவிட்டுப் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த கணக்குப் பாடத்தில் முந்தின வகுப்பில் எழுதிய தாள்களை மேலோட்டமாகப் புரட்டினேன். வழக்கம்போல எல்லோரும் எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஆறு. முதல் மார்க் பையனும் அதேதான். நான் பலகையில் எக்ஸுக்குப் பதிலாகப் பத்து போட்டேன். பதின்மூன்றையும் பன்னிரண்டையும் பெருக்கினால் நூற்றைம்பத்தாறு. இவர்கள் வழியில் போனால் நூற்றாறு.

"அம்பது கொறையுது. யாரு தூக்கிட்டுப் போனது?" என்றேன்.

வகுப்பு திருதிருவென்று விழித்தது. அந்தப் பெண்ணின் குழுவில், அவளுக்குப் பக்கத்தில் ஒரு தக்னிக்காரி உட்காருவாள். வாய் சும்மாவே இருக்காது. அவள் கையைத் தூக்கினாள்.

"மிஸ், அது எங்கயும் போகல. மூலையில கெடக்கு. இவ சொல்றா."

இவள் என்று அவள் முழங்கையால் இடித்துக் காட்டியது அந்தப் பெண்ணை. நான் அவளுடைய தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எக்ஸ் ஸ்கொயர், மூன்று எக்ஸ், இரண்டு எக்ஸ், ஆறு. நான்கும் இருந்தன. வகுப்பிலேயே அவள் ஒருத்தி தாளில்தான் இருந்தன. சொல் தப்பாகப் போயிற்று, கணக்கு தப்பாகவில்லை. அன்றைய சிரிப்பில் அவள் போட்ட விடையை ஒருவரும் பார்க்கவில்லை.

எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். குரலை முடிந்தவரை மெதுவாக வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. டெஸ்க்கைப் பார்த்துச் சொன்னாள்.

"பெருக்குன்னு நீங்க சொன்னீங்கல்ல மிஸ். பெருக்குனா மூலைய விடக் கூடாதுல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை அந்தக் குழு செய்தது. தக்னிக்காரி சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஓர் அறை வரைந்தாள். நீளம் எக்ஸும் மூன்றும், அகலம் எக்ஸும் இரண்டும். அதே குழுவில் இருந்த நேபாளிப் பெண் நடுவில் இரண்டு கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தாள். அறை நான்கு துண்டாயிற்று. ஒவ்வொரு துண்டிலும் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் குனிந்து ஒவ்வொன்றாக எழுதினாள். பெரிய துண்டு, சின்ன துண்டு, நடுவில் இரண்டு நீளத் துண்டுகள். மற்ற எல்லோரும் கூட்டாமல் விட்டது அந்த இரண்டு நீளத் துண்டுகளைத்தான். பத்து போட்டுப் பார்த்தால் ஒன்று முப்பது, இன்னொன்று இருபது. காணாமல் போன ஐம்பது அங்கே கிடந்தது.

நான் பல வருடமாக இதே படத்தைப் பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது வெறும் படம். இவர்கள் வரைந்தபோது வீடாக இருந்தது. உள்ளே நின்று பெருக்கலாம்.

இதைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தக் குழுவிடம் போன் இல்லை. நான் என் போனைக் கொடுக்கலாமா என்று கைப்பையைத் துழாவினேன். அதற்குள் முதல் மார்க் பையன் தன் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தான். வகுப்பு முழுக்க அவனையே பார்த்தது.

"மிஸ், யாருக்குப் புரியலையோ அவங்க கையிலதான போன் இருக்கணும்?"

"ஆமா."

"எனக்குப் புரியல."

அவன் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அந்தக் கேலிப் பதிவைத் தவிர, அதுவரை அவன் கை போனைப் பிடித்ததே இல்லை, எப்போதும் தெரிந்தவனாகவே இருந்தவன். அந்தப் பெண்ணைப் பார்த்து, "இன்னொரு தடவ சொல்லு, நிதானமா," என்றான். அவள் தமிழில் சொன்னாள். தக்னிக்காரி இடையில் புகுந்து கன்னடத்தில் சொன்னாள். அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்துத் தடுமாறினான். மறுபடி சொல்லிப் பார்த்தான். பிறகு பொத்தானை அழுத்தினான். இந்த மூலையைக் குடிசு, அந்த மூலையைக் குடிசு, ஒன்றையும் விடாதே என்று கன்னடத்தில் சொன்னான். அவன் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தது. குணிசு அல்ல, குடிசு. யாராவது சிரிப்பார்களோ என்று நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் தாளில் அறை வரைந்துகொண்டிருந்தார்கள்.

சொல்லி முடித்ததும் அவன் போனை அந்தப் பெண்ணின் வாயருகே நீட்டினான். "கடைசில நீ சொல்லு." அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, அந்த வகுப்பு அதுவரை கேட்டிராத குரலில் சொன்னாள்.

"மூலெ பிடபேடி!"

மூலையை விடாதீர்கள். அது பின்பெஞ்சுவரை கேட்டது. அந்தப் பதிவு வகுப்பைச் சுற்றியது. தெலுங்குக் குழுவில் ஊட்சு ஆயிற்று, தக்னிக் குழுவில் ஜாடூ மார் ஆயிற்று. நேபாளியில் என்னவோ ஆயிற்று, அதை நேபாளிப் பெண் எனக்குப் பல தடவை சொல்லியும் என் நாக்கு வளையவில்லை. அதன் பிறகு வகுப்பில் யார் அவசரமாக விடை சொன்னாலும் நாலா பக்கமிருந்தும், "மூலெ!" என்று குரல் வரும். பலகையில் நான் அவசரப்பட்டாலும் வரும். எனக்கே வந்திருக்கிறது.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. தாள்களை நான் திருத்தியதும் ஹெச்.எம். மேடம் வாங்கிக்கொண்டு போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். நான் தயவு பார்த்து மார்க் போட்டிருப்பேன் என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு ஸ்டாஃப் ரூமில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில் அவரே தாள்கட்டோடு வந்தார்.

"மிஸ், இது என்ன? எல்லாத்துலயும் ஓரத்துல ரூம் போட்டு வெச்சிருக்காங்க. ஒரு பையன் தொடப்பமே வரைஞ்சிருக்கான்."

விளக்கினேன். அவர் ஒரு தாளை எடுத்து விரலால் நான்கு உறுப்புகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு தாள். அப்புறம் இன்னொன்று. அவருடைய வரிசையில் முதலில் நின்றவளின் தாளை நானே எடுத்து மேலே வைத்தேன். கிளாஸில் இரண்டாவது மார்க். முதல் மார்க் பையனுக்கும் அவளுக்கும் அரை மார்க்தான் வித்தியாசம், அதுவும் அவள் ஒரு கேள்வியில் அலகை எழுத மறந்ததால்.

"பி செக்ஷனுக்கு யாரையும் அனுப்பல," என்றார் ஹெச்.எம். கதவருகே போனவர் நின்று திரும்பினார். "சத்தம் மட்டும் ஸ்வல்பா கம்மி பண்ணுங்க."

எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. வயதையும் சேலையையும் நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஆனால் என் வேலை முடியவில்லை. பரீட்சை வரைக்கும்தான் என்று சொல்லியிருந்த அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். மார்க்கைக் காட்டினேன். பி செக்ஷன் பேச்சே இனி இல்லை என்று சொன்னேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மார்க் பையன் தன் அப்பாவின் போனோடு பக்கத்தில் வந்து நின்றான். அந்தப் பெண் அம்மாவின் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து, அவனிடமிருந்து ப்ளூடூத்தில் எதையோ வாங்கி, திரும்ப அதே பையில் போட்டாள். அம்மா எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டு வாங்கவும் எனக்கு வாய் வரவில்லை. நல்ல மார்க்கோடு போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தேன். திருப்பத்தில் இருக்கும் டீக்கடை ஓரமாகத் தெருக் கூட்டும் பெண்கள் நான்கைந்து பேர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்றவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஸ்பீக்கர் கரகரத்தது. இந்த மூலையைக் குடிசு, அந்த மூலையைக் குடிசு என்று பையனின் குரல். அப்புறம் அவள் குரல்.

"மூலெ பிடபேடி!"

பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒருத்தி டீயைச் சிந்திவிட்டாள். "இன்னொரு தபா போடுக்கா," என்றாள் இன்னொருத்தி. அவர் இன்னொரு தடவை போட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது தடவையும் ஓடியது.

"யாருக்கா அது, மேஸ்திரி மாதிரி அதிகாரம் பண்ணுது?"

"என் பொண்ணுதான்டி. க்ளாஸுக்கே பெருக்கக் கத்துக் குடுக்குறா."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பை மறைக்கவில்லை. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை அவர்களும் பார்த்தார்கள்.

"டீச்சரம்மா, இன்னிக்கு கணக்கு இருக்குதா?"

"இருக்குதும்மா."

"காலையில மறந்துட்டு எடுத்தாந்துட்டேன். பாப்பாகிட்ட குடுத்துடுங்க." போனைக் கோட்டின் ஓரத்தில் துடைத்து, புத்தர் படம் மேலே தெரியும்படி என் கையில் வைத்தார்.

பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அதைக் கைப்பைக்குள் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தேன். கேட்டருகே வந்ததும் சார்ஜ் இருக்கிறதா என்று திரையைத் தட்டிப் பார்த்தேன். நூறு காட்டியது.